நாற்பத்தொன்றாவது பல்

பகலில், எரிந்துபோன போர்வெல் மோட்டார்களுக்குச்
செம்புக்கம்பி சுற்றுகிறேன்,
பென்னாகரம் ரோட்டில், எடைமேடைக்கு எதிரில்.
ஆயிரத்து இருநூறு அடிக்குக் கீழே
தண்ணீர் கிடைக்காமல் வெந்து
மேலே வந்தவை.
ஒரு சுற்று குறைந்தாலும்
பச்சியப்பன் திரும்ப வந்து கத்துவார்.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
கப்பலுக்குக் கயிறு சுற்றுகிறேன்.

முழங்கை நீளக் கப்பல்.
அசலில் அறுபத்துநாலில் ஒரு பங்கு.
இரண்டு பாய்மரம்;
மரத்தை நிற்கவைக்கும் கயிறுகள் பக்கத்துக்கு ஐந்து.
அசல் கப்பலில் அந்தக் கயிற்றின் மேல்
இன்னொரு நூலை நெருக்கி நெருக்கி வரிந்திருப்பார்கள்,
உப்புத் தண்ணீர் உள்ளே போகாமல்,
பாய் உரசி அறுக்காமல்.
இங்கே உப்புத் தண்ணீர் என்றால்
கார்ப்பரேஷன் குழாயென்று நினைப்பார்கள் என்கிறான் கடைப்பையன்.
அதற்கு நாங்கள் இன்னும் முனிசிபாலிட்டிதான்.

மூன்று புரி சேர்ந்தால் கயிறு.
எங்கள் ஊர்ப் பெயரில் இருப்பது வேறு புரி.
புரி வலமாக முறுக்கியிருந்தால்
நூல் இடமாக ஏற வேண்டும்.
கையால் சுற்றிப் பார்த்தேன்,
கம்பளிப்பூச்சிபோல் வந்தது.

அதனால் ஒரு மிஷின்.
செத்த பிரின்டரின் வெள்ளைப் பல்சக்கரங்கள்,
சைக்கிள் ஸ்போக்கில் ஒரு அச்சு,
தையல் மிஷினிலிருந்து ஒரு கைப்பிடி.
கயிற்றின் இரண்டு முனையிலும் கொக்கி.
ஒரு கைப்பிடி சுற்றினால்
இரண்டு முனையும் ஒன்றாகச் சுழல வேண்டும்.
ஒன்று முந்தினால்
கயிறு தன்னையே பிழிந்துகொள்ளும்.

பிழிந்துகொண்டது.

நூல் என்னவோ அழகாகத்தான் படிந்தது,
எறும்புத்தலை அளவுகூட இடைவெளி இல்லை.
கொக்கியிலிருந்து எடுத்ததும்
மேஜைமேல் துள்ளிச் சுருண்டு
ஒரு முடிச்சாகிப்போனது.
நூலை மாற்றினேன். மெழுகு தடவினேன்.
எடையைக் கூட்டினேன். கரண்டைத் திட்டினேன்,
கரண்டே இல்லாத மிஷினுக்கு.

நாகவேணிக்கு ஓசூரில் வேலை,
நாளெல்லாம் பல்சக்கரம் பார்த்து
நல்லது ஒரு தட்டு, கழிவு ஒரு தட்டு.
கம்பெனி பஸ் அவளைப் பத்தே முக்காலுக்கு இறக்கிவிடும்.
அன்று ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்து,
ஒன்றும் கேட்காமல்,
என் காதிலிருந்த பேனாவை உருவி
ஒரு பல்லில் புள்ளி வைத்தாள்.
உதடு அசைந்துகொண்டிருந்தது.
பிறகு அடுத்த சக்கரம்.

"இது நாற்பது. இது நாற்பத்தொன்னு.
கழிவுத் தட்டுல போடு."

பார்வைக்கு இரண்டும் ஒன்று.
நான் ஒரு மாதமாக
ஒன்றென்றே நம்பியிருந்தேன்.
ஒரு சாண் கயிற்றுக்கு
ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு சுற்று;
நாற்பத்தொன்றுக்கு ஒன்று வீதம்
முப்பத்திரண்டு முறுக்கு
எனக்குத் தெரியாமல் உள்ளே போயிருக்கிறது.

ஜோடிச் சக்கரம் கிடைக்க இன்னும் ஒரு பிரின்டர் சாக வேண்டியிருந்தது.
இப்போது அவள் சுற்றுகிறாள், நான் நூலை விடுகிறேன்.
"மெதுவா."
"நீ வேகமா விடு."
சோறு ஆறுகிறது.
எந்தத் தண்ணியில போகப்போவுது இது, என்றாள் ஒருமுறை.
பதில் சொல்வதற்குள் நூல் ஏறிக்கொண்டது,
ஒன்றன்மேல் ஒன்று.
நாலு சுற்றைப் பிரித்தோம்.

பத்துக் கயிறும் முடிந்த ராத்திரி
கெட்டுப்போன அந்த முதல் கயிற்றைத் தேடி எடுத்து,
அடியில் ஒரு நட்டைக் கட்டி
ஷட்டர் கொக்கியில் தொங்கவிட்டாள்.
நட்டு தானாகச் சுற்ற ஆரம்பித்தது,
முதலில் வேகமாக,
பிறகு யோசித்து யோசித்து.
இருவரும் எண்ணினோம்.
ரோட்டில் ஒரு மாங்காய் லாரி போனது.

இருபத்தொன்பதில் நின்றுவிட்டது.

மிச்சம் மூணு எங்கே, என்றாள்.
கையைக் கழுவாமலே உட்கார்ந்திருக்கிறோம்,
நட்டைப் பார்த்துக்கொண்டு.