தீர்வை ஏற்படாத தரிசு

படிவத்தில் ஏழாவது கேள்வி:
நிலத்தில் என்ன இருக்கிறது?
கிணறு, இல்லை. போர், இல்லை. கட்டடம், இல்லை.
பயன் தரும் மரம்,
சீத்தாச் செடிகளைப் பார்த்தேன்.
யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் விடவில்லை,
பழத்தை மட்டும் யாரோ பறித்துப்போய்
பாகாயம் பஸ் ஸ்டாப்பில் கூறு கட்டி விற்கிறார்கள்.
இல்லை என்றே எழுதினேன்.
கட்டம் அவ்வளவு சிறியது.

கீழே பூங்கா, பதினெட்டு ஏக்கர்,
ஊஞ்சல், நடைபாதை, தும்பிக்கை உடைந்த சிமெண்ட் யானை.
மேலே கிடக்கும் முகட்டையும் வாங்கி
அறுபத்திரண்டாக்கச் சொல்கிறது ஆணை.
கருவியைத் தூக்கிக்கொண்டு ஆறு மணிக்கே ஏறினோம்,
நானும் செயின்மேன் எத்திராஜும்.
செயின் இப்போது கிடையாது,
அவர் பதவியின் பெயரில் மட்டும் கிடக்கிறது.
பத்து மணிக்குப் பாறையில் கை வைத்தால்
தோல் அங்கேயே தங்கிவிடும்.

பட்டா லோகாம்பாள் வகையறா பேரில்.
வகையறா என்றால் பதினான்கு பேர்.
இருவர் ஓசூரில், ஒருவர் காட்பாடி ரயில்வேயில்,
ஒருத்தி எங்கே என்று தெரியவில்லை,
மிச்சப் பேர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.
பேச வந்தவர் நாகபூஷணம்.
குடையோடு பாதி மலை ஏறி நின்றுவிட்டார்.

"மலையக் காப்பாத்தி வச்ச குடும்பம்னு
பேப்பர்காரன் எழுதிட்டான் மேடம்.
காப்பாத்தவும் இல்ல ஒண்ணும் இல்ல.
எங்கப்பா மூணு தடவ விக்கப் பார்த்தார்.
கல்லு உடைக்க வந்தவனுக்கு லாரி ஏற வழி இல்ல.
பிளாட் போட வந்தவனுக்குத் தண்ணி இல்ல.
ஒருத்தன் அட்வான்ஸ் குடுத்துட்டு
மேல ஏறிப் பார்த்தவன்
அட்வான்ஸையே விட்டுட்டு ஓடிட்டான்.
இப்ப நீங்க."

இதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

லாரி ஏற முடியாத அந்தச் சரிவில்
விராலிப் புதரடியில் கௌதாரி முட்டையிட்டிருந்தது.
நான்கு.
எண்ணிவிட்டேன், பழக்கம்.

பூங்காவில் சாயங்காலம் நடப்பவர்களில்
பாதிப் பேர் எங்கள் ஊர் இல்லை.
ஆஸ்பத்திரித் தெருவில்
வங்காள எழுத்துப் பலகை வைத்த லாட்ஜுகளில் தங்கி
ரிப்போர்ட் வரும்வரை நடப்பவர்கள்.
ஒருவர் ஸ்கேன் கவரைக் கீழே வைக்கமாட்டார்.
வேலி வந்ததும் அண்ணாந்து பார்ப்பார், திரும்புவார்.
ஒருநாள் என் கருவியைக் காட்டி, முகட்டைக் காட்டி,
எப்போது என்று கையால் கேட்டார்.
இரண்டு விரலைக் காட்டினேன்.
இரண்டு வருடம் என்ற அர்த்தத்தில்தான்.
அவர் இரண்டு நாள் என்று எடுத்துக்கொண்டு
தலையாட்டிச் சிரித்தார்.
எந்த பாஷையில் திருத்துவது.

முகட்டுக்கு அந்தப் பக்கம் வேறு கிராமம்.
அதன் வரைபடம் ஒரு கோட்டில் முடிகிறது,
எங்களுடையது ஒரு கோட்டில் தொடங்குகிறது.
இரண்டும் ஒரே கோடு என்று
நூறு வருடமாக நம்பியிருந்தோம்.
செயற்கைக்கோள் ஒத்துக்கொள்ளவில்லை.
நடுவில் பதினொரு மீட்டர்,
முகட்டின் நெடுகிலும்,
யார் பேரிலும் இல்லாமல்.
"அந்தப் பக்கம் வந்த தொரையும்
இந்தப் பக்கம் வந்த தொரையும்
வெயில் தாங்காம பாதியிலயே எறங்கியிருப்பானுங்க"
என்றார் எத்திராஜ்.

விற்க ஆளில்லை, இழப்பீடு வாங்க ஆளில்லை,
பிரித்துத் தா என்று கோர்ட்டுக்குப் போக
வகையறாவும் இல்லை.
மழை பெய்தால் மட்டும்
இங்கே நின்று யோசித்து
ஒரு பாதி ஓட்டேரிப் பக்கமும்
ஒரு பாதி அந்தப் பக்கமும் இறங்கும்போல,
பாறையில் தடம் இருந்தது.

வகைப்பாடு என்ற இடத்தில்
சட்டத்தில் இருப்பதையே எழுதினேன்:
தீர்வை ஏற்படாத தரிசு.
எழுதியபின் ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன்.
எத்திராஜ் நிமிர்ந்து பார்த்தார்.
அவர் கையில் பிளந்த சீத்தாப்பழம்.
விதைகளை அந்தப் பதினொரு மீட்டருக்குள்
துப்பிக்கொண்டிருந்தார்.
எட்டோ ஒன்பதோ.
எண்ணவில்லை.