படிவத்தில் இல்லாத பொருள்

பெட்ரோல் பங்க் மூடி பத்தொன்பது வருஷம்.
தொட்டிகள் மூன்றையும் பிடுங்கிப் போனார்கள்,
குழியில் மணல் கொட்டினார்கள்.
இப்போது அது
பஞ்சாயத்து வண்டி பனியைக் குவித்துவிட்டுப் போகும் காலிமனை.

சஸ்காச்சுவானில் ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
ஐந்தடி ஆழம்வரை மண் இறுகி
மூடி போட்ட பானையாகிவிட்டது.
மேலே வர வழியில்லாத ஆவி
பக்கவாட்டில் ஊர்கிறது,
வெதுவெதுப்பான இடம் எதுவென்று பார்த்துக்கொண்டு.

முதலில் அகப்படுவது
ஒரிசியா கொவால்சுக்கின் நிலவறை.

வீடு மூச்சிழுக்கும் என்றேன் அவளிடம்.
உலை எரிய எரியச் சூடு கூரைவழி வெளியேறும்,
போன இடத்தை நிரப்ப
விரிசலில், சாக்கடைக் குழாயின் விளிம்பில்
வாய்வைத்து உறிஞ்சும்.
"நாற்பது வருஷமாக
இந்த வீட்டுக்கு மூச்சு முட்டுகிறது என்றல்லவா நினைத்தேன்"
என்றாள்.

மாதிரி எடுக்க இரண்டு நாள் முன்பே
வெளியேற வேண்டியவற்றின் பட்டியல் என்னிடம் இருந்தது.
தின்னர், நகப்பூச்சு அழிப்பான்,
புல்வெட்டி, காலணி ஒட்டும் பசை,
பாதி எரிந்த வாசனை மெழுகுவர்த்தி.
நான் டிக் போடப் போட
அவள் கொட்டகைக்குத் தூக்கிப் போனாள்.
என் வீட்டைவிடக் கொட்டகைக்குச் சொத்து கூடிவிட்டது
என்று பனிக்காலணியை உதறினாள்.

படிக்கட்டின் அடியில் மீட்டர் எகிறியது.

ஆணியில் ஒரு ஜாக்கெட்.
நீலம். முழங்கை தேய்ந்தது.
மார்பில் நூல்கொண்டு தைத்த பெயர்: மிரோன்.
எதிர் மூலையில் இருபத்தாறு வருஷம்
குழாய் பிடித்த ஆள்.
பங்க் மூடிய அதே வசந்தத்தில் இறந்தார்.

"துவைக்கவில்லை" என்றாள்.
சற்று நேரம் கழித்து,
"குளிர்காலத்தில்தான் அவர் அதிகம் இருப்பார்.
ஜூலையில் முகர்ந்தால் வெறும் துணி."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
'மற்றவை' என்ற இடத்தில் எழுதினேன்:
மேலாடை, ஒன்று.

கான்கிரீட்டில் விரல் நுழையும் துளையிட்டோம்.
வெற்றிடம் அடைத்த எஃகுக் கலம்,
பூசணிக்காய் அளவு,
துணி துவைக்கும் எந்திரத்தின் பக்கத்தில்
இருபத்துநான்கு மணி நேரம்
ஒரே மூச்சை மெல்ல இழுத்தபடி உட்கார்ந்திருந்தது.
ஜாக்கெட் கொட்டகையில் விறைத்துப் பலகையாகியிருந்தது.

ரெஜைனா ஆய்வகத்தின் தாள் வந்தது.
பென்சீன், வரம்பைப் போல ஒன்பது மடங்கு.
ஜாக்கெட் வெளியே போயும்
எண் இறங்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது,
எழுதும் மேசையில், பேனா மூடியைக் கடித்தபடி:
எந்தத் துணியும் பெட்ரோலைப்
பத்தொன்பது வருஷம் வைத்திருக்காது.

ஒவ்வொரு குளிரிலும்
தரை அதற்குப் புதிதாக ஊட்டியிருக்கிறது.
அவள் முகம் புதைத்தது
கசிந்த மூன்றாம் தொட்டியில்.

அறிக்கையில் இதை எழுதவில்லை.
அது கண்டறிதலா என்று இன்றும் தெரியவில்லை.

தரைக்கடியிலிருந்து கூரைக்கு மேல்வரை
வெள்ளைக் குழாய் ஒன்று, அதில் விசிறி.
ஓயாமல் மண்ணின் காற்றை வானத்தில் துப்பும்.

அடுத்த பிப்ரவரியில் மறுசோதனைக்குப் போனேன்.
மைனஸ் இருபத்தெட்டு. எண்கள் நல்ல எண்கள்.
ஆணியில் ஜாக்கெட்.
மீட்டரை அதன் அருகே கொண்டுபோனேன்,
கொண்டுபோகாமல் இருந்திருக்கலாம்.
சுழியம்.

அவள் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.
"கீழிருந்துதான் வந்ததா?"
ஆம் என்றேன்.

விசிறியின் முனகல்
சுவருக்குள் போய்க்கொண்டே இருந்தது.

"அதை ஒரே ஒரு நாள் நிறுத்தினால்?"

கூடாது என்றேன்.
பாடப்புத்தகம் ஒப்பிப்பதுபோல
இரத்தம், எலும்பு மஜ்ஜை என்றெல்லாம் சொன்னேன்.

"தெரியும். கேட்டுவைத்தேன்"
என்று விளக்கைப் போட்டு,
வழுக்கும், பார்த்து வா என்று
எனக்கு முன்னால் மேலேறினாள்.