சோளப்பொரி

மூன்றாம் அரங்கில் இருபத்தாறு நாளாக
ஒரே திமிங்கிலத்தைக் கொல்கிறார்கள்.
பகல் இரண்டே முக்காலுக்கு ஒருமுறை,
இரவு எட்டே காலுக்கு மறுபடி.
விளக்கு எரிந்ததும் நான் நுழைவேன்,
துடைப்பமும் கறுப்புப் பையுமாய்.

படம் எப்படி என்று யாரையும் கேட்டதில்லை.
தரை சொல்லிவிடும்.
ஈட்டி இறங்கும் நேரம்
கை உதறிச் சிதறியது ஒரு விதம்:
காலடியெல்லாம், விசிறியடித்தாற்போல்.
பனியில் கப்பல் இறுகிப்போய்
மாலுமிகள் பூட்ஸை வேகவைக்கும் அந்த நாற்பது நிமிடம்
ஒன்றுமே சிந்துவதில்லை.
அப்போதுதான் அள்ளி அள்ளித் தின்கிறார்கள்.
கதவோரம் நின்று கேட்டிருக்கிறேன்.
திரையில் பல் உதிர்கிறது.
இருட்டில் இருநூறு வாய் நொறுக்குகிறது.
செத்துப்போனவனுக்கும் சமையல்காரன் பங்கு வைக்கும்போது
எங்கிருந்தோ ஒருவர் சிரிப்பார்.
தினமும் யாராவது ஒருவர்.

யானைப் பசிக்குச் சோளப்பொரி என்போம்.
டண்டீயில் அதன் விலை
ஐந்து பவுண்டு இருபது.
பெரிய வாளி என்றால் ஏழு.

வெளியே வருகிறவர்கள்
ஆளுக்கொரு கப்பலிலிருந்து இறங்குகிறார்கள்.
மீன்பிடிப் படகில் முப்பது வருடம் போனவர்
அந்த முடிச்சு தப்பு என்றார்;
அப்படிக் கட்டினால் பாய் அவிழ்ந்து
அரை மணியில் கிரீன்லாந்து போய்ச் சேருமாம்.
பச்சை முடிக்காரி கழிவறையில் முகம் கழுவினாள்.
கம்ப்யூட்டரில் வரைந்ததுதானே, வரைந்ததுதானே என்று
தோழன் சொல்லச் சொல்ல
இன்னும் அழுதாள்.
யாரைத் தின்பது என்று சீட்டுக் குலுக்கும் இடத்தில்
ஒரு குடும்பம் எழுந்து வந்து
பக்கத்தில் பீட்சா எங்கே கிடைக்கும் என்று விசாரித்தது.
கடைசி வரிசை ஜோடி
திமிங்கிலத்தையும் பார்க்கவில்லை, பனியையும் பார்க்கவில்லை,
அருமையான படம் என்றது.

டிக்கெட் கிழிக்கும் ஷோனா மட்டும்
கப்பலைப் பற்றிப் பேசவில்லை.
இந்த ஊரே அந்த எண்ணெயில் ஊறியதுதான் என்றாள்.
வங்காளத்துச் சணல் முரண்டு பிடிக்குமாம்,
திமிங்கில நெய் குடித்தால்தான் இளகுமாம்,
சாக்காகி உலகம் சுற்றப் போகுமாம்.
ஆலைத் தெருக்களில் காதலர்கள்கூட
மூக்கைப் பொத்திக்கொண்டுதான் முத்தமிட்டார்கள் என்று
அவள் கண்ணடித்தபோது
நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அன்றிரவு பேருந்தில் அந்தச் சொல்லை மென்றுகொண்டு போனேன்.
திமி என்றொரு மீன்.
அதை விழுங்குவது திமிங்கிலம்.
அதையும் விழுங்க ஒன்றைக்
கடலில் விட்டிருக்கிறார்கள் பழம்புலவர்கள்:
திமிங்கிலகிலம்.
வகுப்பில் சிரித்திருக்கிறோம்,
அவ்வளவு பெரிய வாய் எதற்காம் என்று.
டே ஆற்றுப் பாலம் நெடுக விளக்குகள்.
ஒவ்வொன்றாக எண்ணினேன்,
பாதியில் விட்டுவிட்டேன்.

கின்னியர் செவ்வாய்தோறும் வருவார்.
எட்டாம் வரிசை, நடு இருக்கை.
நேற்றோடு நாலு முறை.
நன்றாக இருந்ததா, இல்லையா,
ஒரு வார்த்தை கிடையாது.
கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு
மழையில் இறங்கிப் போய்விடுவார்.

நேற்று கடைசிக் காட்சி.
நாளையிலிருந்து இங்கே கரடி பேசும் படம்.
அவர் போனபின் பார்த்தேன்:
பக்கத்து இருக்கையில் பெரிய வாளி,
விளிம்புவரை நிறைய,
ஒரு பொரி குறையவில்லை.

மீந்தது எதுவும் பைக்குள் என்பது விதி.
காலையில் தின்ற ரொட்டிக்குப் பிறகு
என் வயிற்றில் ஒன்றுமில்லை.
துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன்,
அந்த இருக்கையில் இல்லை,
அதற்கு அடுத்ததில்.
ஆறிப்போயிருந்தது.
உப்பு கொஞ்சம் கூடுதல்.