வாலருகே ஒரு புள்ளி

மூன்று யூரோவுக்கு வாங்கிய பொத்தான் டப்பாவில்
பொத்தான் அல்லாத ஒன்று கிடந்தது.
தைக்கத் துளையில்லை.
ஒரு பக்கம் சுருள் சுருளாய் முடி,
முடிக்குள் எங்கோ ஒரு முகம்.
மறுபக்கம் மனிதத் தலையோடு ஓடும் குதிரை,
அதன் வயிற்றுக்குக் கீழே ஒரு பன்றி.

எர்க்கி துறைமுகத்தில்
விசிறிச் சிப்பி எடைபோடுவது என் வேலை.
என் தராசில் இது எடையாகவே தெரியவில்லை.
மருந்துக்கடைத் தராசில் ஆறு கிராம் நாற்பது.
வெள்ளியில் செம்பு கலந்திருக்கிறது,
கெல்டியர் காசாக இருக்கலாம் என்றாள் கடைக்காரப் பெண்.
யாருடையது, எப்போதையது என்று கேட்டேன்.
இருமலா, சளியா என்று
எனக்குப் பின்னால் நின்றவரைக் கேட்கப் போய்விட்டாள்.

தினான் நகரில் கோலாஸ் த்ரெமோரின் பழைய புத்தகக்கடை.
"மூன்று பாகம் அது. ஒன்று, முன்னுரை.
மூன்று, பொருளடைவு.
உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.
எல்லாருக்கும் வேண்டியது இரண்டாவதுதான்."
கையை விரித்தார்.
வேறொன்று இருந்தது, நானூற்று இருபது யூரோ.
"காசை விற்றால் புத்தகம் வாங்கலாமே?"
பிறகு எந்தக் காசைப் பார்க்க அந்தப் புத்தகம் என்றேன்.
சிரித்தார்.
விலை அப்படியே நின்றது.

படகு போகாத செவ்வாய்க்கிழமைகளில்
லாம்பாலில் ரயிலேறி ரென் நூலகம்.
முதல் புத்தகம் மூக்கை வைத்து வகை பிரித்தது.
இரண்டாவது, மூக்கைப் பார்த்தவர் மூடர் என்றது,
காதைப் பார்க்கச் சொன்னது.
மூன்றாவதில் படத்தாள்களை யாரோ
பிளேடால் நறுக்கிக்கொண்டு போயிருந்தார்கள்,
விளக்கம் மட்டும் மிச்சம்:
"படத்தில் தெளிவாகக் காண்பதுபோல."

ஒன்றில் மட்டும் எல்லாரும் ஒன்றுபட்டார்கள்.
குதிரையின் வாலருகே ஒரு புள்ளி.
ஒருவருக்கு அது சூரியன்,
ஒருவருக்கு அக்கசாலையின் முத்திரை.
கடைசியாக வந்த தடிமனான புத்தகம்
அடிக்குறிப்பில் தீர்ப்பே எழுதிவிட்டது:
புள்ளி இல்லாதவை போலி.

என் காசில் புள்ளி இல்லை.

அன்று ரயிலில் அதைப் பையில் போடாமல்
உள்ளங்கையிலேயே வைத்திருந்தேன்,
திட்டு வாங்கிய பிள்ளையைக் கூட்டிவருவதுபோல.

அடுத்த செவ்வாய் மதாம் லெ கோஸ்கெர்
கீழ்த்தளத்திலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார்.
எல்லாப் புத்தகங்களுக்கும் மூத்த மூலப்படம்,
ஒரு செதுக்குக்காரன் மையால் வரைந்தது.
குதிரை, பன்றி, வால்,
வாலருகே அந்தப் புள்ளி.
லென்ஸை வைத்தார்.
புள்ளிக்குக் கால்கள் இருந்தன.
ஒரு இறக்கையும்.

நூற்றைம்பது வருடங்களாக
ஈயை அடித்து ஒட்டியிருக்கிறார்கள்
படித்தவர்கள்.

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது:
குதிரையே அப்படி வந்ததுதானே.
எங்கோ மாசிடோனியாவில் ஒரு பொற்காசு,
ஒழுங்கான தேர், ஒழுங்கான தேரோட்டி.
அதைப் பார்த்து ஒருவன் அடித்தான்,
அவனுடையதைப் பார்த்து இன்னொருவன்.
ஆற்றுக்கு ஆறு, சந்தைக்குச் சந்தை
சக்கரம் கழன்றது,
ஓட்டியின் தலை குதிரைக்குப் போனது,
எங்கள் கடற்கரையை அடையும்போது
இப்படி ஒரு விலங்கு.
யாரும் அதைப் போலி என்று திருப்பித் தரவில்லை.
அதற்கு உப்பு கொடுத்தார்கள், மாடு கொடுத்தார்கள்.

"புள்ளி இல்லாமல் ஒரு படம் இருக்கட்டும்" என்றார் மதாம்.
புகைப்படக்காரருக்கு வெள்ளிவரை விடுப்பு.
சிப்பி ரசீதின் பின்பக்கத்தில் நானே வரைந்தேன்.
காது சரி. கடிவாளம் சரி.
பன்றி கொஞ்சம் நாயாகிவிட்டது.
கால்களை எண்ணினேன்.
ஐந்து.

ரப்பர் தேடிக்கொண்டிருந்தேன்.
அதற்குள் அவர் தாளை வாங்கி, தேதி போட்டு,
என் பெயரைக் கேட்டு எழுதி,
ஈயின் மேல் வைத்துப்
பெட்டியை மூடினார்.