பென்சிலில் ஒருவன்

கோயம்புத்தூரிலிருந்து விநியோகஸ்தர் கேட்கிறார்:
"எத்தனை போகும்? வெள்ளிக்குள்ள சொல்லுங்க."
பந்தய ஆட்டம், நாலாம் பாகம்.
கார்த்திகையில் வருகிறது.
நூற்றெண்பது கார், மழை பெய்யும் சாலை,
ஐயாயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைவு.
போன பாகத்தைப் போல் மூன்று மடங்கு என்று
மேலே எதிர்பார்க்கிறார்களாம்.
மேலே என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை.

காரைக்குடியில், பழைய பஸ் நிலையத்துக்கு
இரண்டு கடை தள்ளி,
மூன்று மடங்கு என்றால் முப்பத்தாறு.
பன்னிரண்டு விற்றேன் போன தடவை.
அதில் ஒன்று கீறலோடு திரும்பி வந்தது.
அடித்தட்டில் இன்னும் கிடக்கிறது
கால்பந்து ஆட்டம், பத்தொன்பது.
அட்டையில் சிரிக்கிற ஆட்டக்காரர்
வேறு அணிக்கே போய்விட்டார்.

ஒரு நோட்டுப் போட்டேன்.
ஐந்நூறு முன்பணம், பெயர், கைபேசி எண், கையெழுத்து.

முதல் பெயர் ஆரோக்கியசாமி.
தேவகோட்டைக்குப் பஸ் ஓட்டுகிறார்,
நாளைக்குப் பன்னிரண்டு நடை.
வண்டியில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி;
அறுபதைத் தொட்டால் இருமுமாம்.
"இதுல எவ்வளவு போகலாம்?"
முந்நூற்றைம்பது என்றேன்.
ஐந்நூறு ரூபாய்த் தாளை
இரண்டு தரம் நீவிவிட்டு வைத்தார்.

அடுத்து, கல்லூரி விடுதியில் ஆறு பேர், ஒரே பெயரில்.
தலைக்கு எண்பத்துமூன்று.
இரண்டு ரூபாய் இடித்தது. விட்டுவிட்டேன்.

பிறகு நான்கு நாள் ஈ கூட வரவில்லை.
வந்தவர்களும் சார்ஜர் வயர் கேட்டார்கள்.

ஐந்தாம் நாள் சிகப்பி,
கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள்.
எட்டுப் போடுவதில் இரண்டு முறை தோற்று
லைசென்ஸ் கிடைக்காதவள்.
"இதுல எட்டுப் போடச் சொல்வாங்களா?"
மாட்டாங்க.
கையெழுத்தை அழுத்திப் போட்டதில்
அடுத்த தாளிலும் அவள் பெயர்.

கானாடுகாத்தானிலிருந்து வந்த சேவுகனிடம்
கன்சோலே இல்லை.
"பெட்டி இல்லாம எதுல ஓட்டுவே?"
"ஆட்டம் வந்துட்டா பெட்டி வந்துரும்க்கா."
சாட்டை வாங்கியாச்சு, இனிமேல்தான் மாடு.
இவனை எண்ணுவதா, வேண்டாமா?
பென்சிலால் எழுதினேன்.

வெள்ளி மாலை.
மையில் பதினாறு, பென்சிலில் ஒன்று.
"பதினேழு" என்றேன்.
மறுமுனையில் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும்.
"மேடம், திருச்சியில ஒரே கடை நானூறு சொல்றாங்க."
சொல்லட்டும்.
நானூறு பேரின் கையெழுத்தையும்
அவர்கள் பார்த்திருப்பார்கள்.
"சரி, இருபதாப் போட்டுக்கறேன்."
அவருக்கு முழு எண் பிடிக்கும்.

அந்த மூன்று பேர் யார்?
ராத்திரி ஷட்டரை இறக்கும்போது யோசித்தேன்.
ஒருவர் எதிர் மெடிக்கல்காரர்;
விலையை மூன்று தடவை கேட்டுவிட்டார்.
ஒருவர் என் வீட்டுக்காரராக இருக்கலாம்.
கேட்டால், எனக்கெதுக்கு என்பார்.
மூன்றாவது ஆள் முகம் பிடிபடவில்லை.

ஐப்பசி கடைசியில் செய்தி வந்தது:
ஆட்டம் இப்போதைக்கு இல்லை, தை மாதம்தானாம்.
பதினேழு பேருக்கும் நானே போன் செய்தேன்.
கல்லாவில் பணத்தைத் தனியாக எடுத்து வைத்தேன்,
கேட்டதும் கொடுக்க.
விடுதிப் பையன்கள் மட்டும் வந்தார்கள்;
பரீட்சைக் கட்டணமாம்.
கொடுத்தது நானூற்றுத் தொண்ணூற்றெட்டு,
வாங்கிப்போனது ஐந்நூறு.
சேவுகன் மட்டும் சந்தோஷப்பட்டான்:
"நல்லதுக்கா, அதுக்குள்ள பெட்டி வாங்கிருவேன்."
அவன் பெயர் மேல் பேனாவை ஓட்டினேன்.

இப்போதெல்லாம் மாலை ஐந்து பத்துக்கு
ஆரோக்கியசாமியின் பஸ்
கடை முன்னால் மெதுவாகிறது.
ஜன்னல் வழியே புருவத்தை மட்டும் உயர்த்துகிறார்.
இல்லை என்று தலையசைக்கிறேன்.
கியர் விழுகிற சத்தம்.
கம்பியைப் பிடித்து நிற்பவர்களோடு சேர்த்து
ஐம்பத்துச் சொச்சம் பேர்,
எதனால் என்று தெரியாமல்,
மூன்று நொடி தாமதமாகத்
தேவகோட்டை போகிறார்கள்.