மருந்து பெறாத குழு

தடாவுக்கு இப்பால்,
ஆரம்பாக்கம் சோதனைச் சாவடிக்கு வெகு முன்பே
லாரிகள் நிற்கத் தொடங்கிவிடும்.
அந்த வரிசைக்குப் பின்னால் எங்கள் கூடம்.
நுண்ணோக்கியில் குனிந்தால்
ஏர் ஹாரனுக்குத் தகடு லேசாக நடுங்கும்.

நாற்பது எலி மூளைகள்.
இருபதுக்கு மருந்து, கூட்டியும் குறைத்தும்.
இருபதுக்கு வெறும் உப்புநீர்.
எது எதுவென்று உறைக்குள் ஒட்டிவைத்திருந்தார்கள்.

வெண்பகுதியில் ஓட்டைகள்.
ஆப்பத்தின் ஓரத்தில் விழுமே, அதேபோல.
ஒன்றில் பார்த்தேன். நான்கில். பிறகு பதினொன்றில்.
ஹைதராபாத் கம்பெனிக்காரர்
நாளுக்கு இருமுறை அழைத்தார்:
"மேடம், மருந்தாலா?"

முனிரத்தினத்தைக் கூப்பிட்டேன்.
திசு நறுக்குபவர். சூலூர்ப்பேட்டையில் வீடு.
தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார் எப்போதும்;
அன்று தொடக்கமே தெலுங்கு.
போகி, சங்கராந்தி, கனுமா
மூன்று நாளும் மூளைகள் ஆல்கஹாலிலேயே கிடந்தனவாம்.
மாற்றிவைக்க வந்திருக்க வேண்டியவர் அவர்.
மச்சான் வீட்டில் நாட்டுக்கோழி.
ஊறியது எலியா நானா என்று
சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

உறையைப் பிரித்தோம்.
பதினொன்றில் ஆறு, உப்புநீர் எலிகள்.
எழுதினேன்:
ஓட்டைகள், பதப்படுத்தலில் வந்தவை.
கறுத்துச் சுருங்கிய நரம்பணுக்கள்,
மண்டையோட்டிலிருந்து எடுத்தபோது விரல் அழுத்தியது.
தலாமஸில் சுண்ணாம்புத் துகள், இந்த இனத்துக்கு உள்ளதே.

பிறகு இருபத்தேழாம் எண்.
உப்புநீர்தான். பெண்.
உள்ளறைகள் இரண்டும் ஊதி
மூளை ஓரமாய் ஒதுங்கியிருந்தது,
நெரிசல் பஸ்ஸில் நிற்பவள் மாதிரி.
உயிரோடிருந்தபோது எழுதிய தாள்களைப் புரட்டினேன்.
எடை சரி. தீனி சரி. நடை சரி.
கையில் தூக்கினால் சற்றே திமிறல், அதுவும் சரி.
பதின்மூன்று வாரம்
அவ்வளவு தண்ணீரைத் தலைக்குள் வைத்துக்கொண்டு
ஒரு கட்டத்திலும் வேறு சொல் எழுதவிடவில்லை அது.

பழைய பதிவேட்டில் தேடினேன்.
ஆயிரத்து இருநூறில் மூன்று.
இதோடு நான்கு.
இயல்பின் வேலியை ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டு
அடுத்த தகட்டை வைத்தேன்.

அதிக மருந்து குடித்த ஒன்றில்
ஹிப்போகாம்பஸ் ஓரம்
செத்த அணு, ஒன்றே ஒன்று.
ஆல்கஹால் இப்படிச் செய்யாது.
விரல் இவ்வளவு ஆழம் போகாது.
பதிவேட்டில் இல்லை.

அதே மெழுகுக் கட்டையிலிருந்து இன்னும் மூன்று வெட்டு,
ஆழமாக, கேட்டிருக்கிறேன்.
முனிரத்தினம் பேசாமல் கத்தி மாற்றுகிறார்.
வெளியே வரிசை நகர்கிறது போல, தகடு நடுங்குகிறது.
போன் அடிக்கிறது.
அடிக்கட்டும்.