கோட்டின் நீளம்

செம்பனை லோரி போகும்போதெல்லாம்
கடைக் கண்ணாடி அதிரும் பீடோங்கில்
பக்கத்துக்குப் பத்து சென்னுக்கு நகலெடுப்பவன் நான்.

லோஷினி கைப்பேசியைக் காதோரம் வைத்து
கணக்குத் தாளைத் திறந்தாள்.
"படம்" என்றது குரல்.
அடுத்த கேள்விக்குப் போனாள். "படம்."
ஏழு கேள்வி, ஏழு படம்.

நான் வாசிக்கிறேன் என்றேன்.
எக்ஸ் கூட்டல் ஒன்று, கீழே இரண்டு.
போட்டாள்.
விடையோடு ஒத்துப் பார்த்துத் தப்பு என்றேன்.

"எதுக்குக் கீழே அண்ணே?
ஒன்னுக்கா, எல்லாத்துக்குமா?"

தாளில் கோடு நீளமாகத்தான் இருந்தது.
என் வாயில்தான் இல்லை.
அவள் கேட்ட கணக்குக்கு
அவள் விடை சரி.

அன்றிரவு ஷட்டரை இறக்கிவிட்டுத் தட்டச்சில் உட்கார்ந்தேன்.
பின்னம் தொடக்கம்.
பின்னம் முடிவு.
வர்க்கமூலம் ஒரு கூரை;
எந்தச் சுவர்வரை என்று சொல்லாமல் விட்டால்
நாலு ஏ சி மழையில் நிற்கும்.

வளைவரைக்கு
"அழகாக ஏறி இறங்குகிறது" என்று எழுதி
அழித்தேன்.
மூன்றில் திரும்புகிறது என்று எழுதினேன்.

மூன்று ராத்திரி ஆனது.

வந்து கேட்டாள்.
எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில்
குரல் ஓடியது, அவள் விரல் மேசையில்
கூட ஓடியது,
நின்றது.

"அஞ்சாவதில ஒரு அடைப்பு மூடல அண்ணே."

லோரி ஒன்று போய் முடியட்டும் என்று காத்திருந்து
மறுபடி போட்டுக் காட்டினாள்.
திறந்துதான் கிடந்தது.